எட்டிப் போடாதே, அழுத்தி மிதி

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. குறுவட்டப் போட்டியில் நீ 100 மீட்டர் ஓடியதை உன் தம்பி போனில் எடுத்து அனுப்பியிருந்தான். வேகத்தைக் குறைத்து வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உன் காலில் பலம் இருக்கிறது, பாப்பா. ஆனால் 60 மீட்டர் தாண்டியதும், முன்னால் போகிறவளைப் பிடித்துவிட வேண்டும் என்று காலை எட்டி எட்டிப் போடுகிறாய். அங்கேதான் தோற்கிறாய்.

பாதம் இடுப்பை விட்டு வெகு முன்னால் போய் விழுந்தால் குதிகால் முதலில் படும். ஒவ்வொரு அடியிலும் நீயே பிரேக் போடுவது அது. முழங்காலைத் தூக்கு, தூக்கிய வேகத்தில் கீழே இறக்கு, பாதத்தின் முன்பகுதி இடுப்புக்கு நேர் கீழே, சற்றே முன்னால் படட்டும். கணுக்கால் தொய்யக் கூடாது. காலைக் காற்றில் வேகமாகச் சுழற்றுகிறவர்தான் வேகமாக ஓடுகிறார் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் வேயண்ட் குழுவினர் இதை அளந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். பின்னால் போன காலை முன்னே கொண்டுவர ஆகும் நேரம், வேகமானவருக்கும் மெதுவானவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். தரையை எவ்வளவு பலமாக மிதிக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். அதுவும் உச்ச வேகத்தில் பாதம் தரையில் நிற்பது விநாடியில் பத்தில் ஒரு பங்குதான். அதற்குள் மிதித்தாக வேண்டும்.

கடைசி 20 மீட்டரில் பல்லைக் கடித்து, தோளைக் காதுவரை தூக்கி, தலையைப் பின்னால் சாய்க்கிறாய், அப்படிச் செய்தால் வேகம் கூடும் என்று நினைத்து. 2009இல் பெர்லினில் 9.58 விநாடியில் ஓடிய உசைன் போல்ட்டுக்கே 60 மீட்டருக்கும் 80 மீட்டருக்கும் நடுவில்தான் உச்ச வேகம். அதற்குப் பிறகு அவருக்கும் வேகம் இறங்கியது. முடிவில் யாருக்குக் குறைவாக இறங்குகிறதோ அவர் ஜெயிக்கிறார். ஆகவே தாடையையும் விரல்களையும் தளர விடு. முழங்கையைப் பின்னால் இழு, கை தானாக முன்னே வரும்.

ஸ்டார்ட்டில் உடனே நிமிர்ந்துவிடாதே. உங்கள் ஊர் தண்டாயுதபாணி கோயில் மலையடிவாரத்தில் லேசான ஏற்றம் இருக்கும் மண்பாதையாகப் பார்த்து 20, 30 மீட்டர் ஏறி ஓடு. உடம்பு முன்சாய்ந்து தள்ளுவது எப்படி என்று ஏற்றமே சொல்லிக்கொடுக்கும். இறங்கும்போது நடந்து வா. பாடாலூர் போகும் தார் ரோட்டில் ஓடாதே. வெங்காயம் பிடுங்கிய காட்டிலும் வேண்டாம், கட்டியில் கால் மடங்கும்.

முழு வேகத்தில் 60 மீட்டர் ஓடினால் ஐந்து நிமிஷமாவது ஓய்வெடு. இதை யாரும் கேட்பதில்லை, மூச்சு வாங்க வாங்க ஓடுவதுதான் பயிற்சி என்று நினைக்கிறார்கள். களைத்த காலோடு ஓடினால் மெதுவாக ஓடத்தான் பழகும். பின்தொடை இழுத்துப் பிடித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடு.

லால்குடிப் பக்கத்து ஆரோக்ய ராஜீவ் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 தொடர் ஓட்டத்தில் 3:00.25 என்று ஆசிய சாதனை படைத்த நால்வரில் ஒருவர். 1984 ஒலிம்பிக் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் விநாடியில் நூற்றில் ஒரு பங்கில் பி.டி. உஷா வெண்கலத்தை இழந்த அந்த 55.42 விநாடியை, 39 வருஷம் கழித்து 2023இல் கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ்தான் தொட்டார். நம் பக்கத்திலிருந்தும் இப்படிப் போக முடியும், ஓட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் கணக்கு உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று. சீக்கிரம் வேகம் வரும் என்று யாராவது பவுடரோ ஊசியோ நீட்டினால் உன் அம்மாவிடம் உடனே சொல். திருச்சிப் பக்கத்து தனலட்சுமி 2021இல் பாட்டியாலாவில் 100 மீட்டரில் பிரபல ஓட்டக்காரர் டூட்டி சந்த்தையே முந்தி 11.39 விநாடியில் ஜெயித்தார். நாமெல்லாம் எவ்வளவு மகிழ்ந்தோம். அடுத்த வருஷம் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கித் தடை வந்தது. இன்றும் எனக்கு அது வலிக்கிறது. நீ முட்டையும் கடலையும் கீரையும் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அளவு பார்த்துக்கொள். ரத்தம் குறைந்தால் எந்தப் பயிற்சியும் ஒட்டாது.

இதையெல்லாம் உங்கள் பி.டி. டீச்சரிடம் காட்டு. அவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேள், அவர் உன்னை நேரில் பார்க்கிறார். மாவட்டப் போட்டிக்கு முன் ஒரு தடவை, தம்பியைப் பக்கவாட்டில் நிற்கவைத்து, உன் பாதம் விழும் இடம் தெரியும்படி எடுத்து அனுப்பச் சொல்.

அன்புடன்,
மாமா