நத்தை குத்தி நாரை: பெயரும் பொருளும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

ஒரு பறவைக்குப் பெயர் வைப்பது எளிது. பொருத்தமான பெயர் வைப்பது அரிது. பெயரிட்டவர் அப்பறவையை எந்த நிலையில் கண்டார் என்பதை அந்தப் பெயரே காட்டிக் கொடுத்துவிடும். இதற்கு நல்ல சான்று, நம் ஏரிகளிலும் நன்செய் வயல்களிலும் காணப்படும் நத்தை குத்தி நாரை ஆகும்.

ஆசிய நாரைகளுள் இது சிறியது. உடல் வெண்மையாகவோ சாம்பல் கலந்த வெண்மையாகவோ இருக்கும். இறக்கையின் ஓரமும் வாலும் கருமை. இதன் தனிச் சிறப்பு அலகுதான். அலகை மூடிய பின்பும் மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். குஞ்சுகளுக்கு இந்த இடைவெளி இல்லை. வயது ஏற ஏறத்தான் உண்டாகிறது.

அறிவியல் உலகம் இப்பறவையை அறிந்த வரலாற்றில் நமக்கும் பங்குண்டு. பிரெஞ்சு அறிஞர் பூஃபோன் 1780-இல் இதனை வருணித்தது, புதுச்சேரியில் பிடிக்கப்பட்ட ஒரு பறவையைக் கொண்டே ஆகும். 1783-இல் டச்சு அறிஞர் போடேர்ட் இதற்கு 'ஆசிட்டன்ஸ்' என்று இலத்தீனில் பெயரிட்டார். 'கொட்டாவி விடுவது' என்பது அதன் பொருள். 1791-இல் போனத்தேர் என்பவர் 'அனாஸ்டோமஸ்' என்னும் பேரினத்தை உருவாக்கினார். 'வாய் திறந்தது' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. ஆக, 'அனாஸ்டோமஸ் ஆசிட்டன்ஸ்' என்றால் வாய் திறந்து கொட்டாவி விடும் பறவை. படத்தையும் பாடம் செய்த உடலையும் பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும்.

இனி நம் பெயருக்கு வருவோம். மரங்கொத்தி, மீன்கொத்தி போல இதுவும் தொழிலால் அமைந்த பெயர். ஆனால் இங்கே வருவது 'கொத்தி' அன்று, 'குத்தி'. கொத்துதல் மேலிருந்து அடிப்பது. குத்துதல் கூர்முனையை உள்ளே செலுத்துவது. இந்தச் சிறு வேறுபாட்டில் பெரியதோர் உண்மை அடங்கியிருப்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன்.

சென்ற பருவத்தில் வகுப்புக் கருத்தரங்கிற்காக இப்பறவையைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. புகழ்பெற்ற உயிரியலறிஞர் ஜூலியன் ஹக்ஸ்லி, இந்த நாரை தன் அலகின் இடைவெளியில் நத்தையை வைத்துக் கொட்டை உடைப்பதுபோல நொறுக்குகிறது என்று கருதினார். நானும் அதையே எழுதி, வீட்டில் உரக்கப் படித்துப் பார்த்தேன். திண்ணையில் இருந்த அப்பா, "ஓட்டை உடைக்காதும்மா. மூடிக்குள்ள மூக்கை விட்டுச் சதையை இழுத்துடும். ஓடு முழுசா கிடக்குமே, பார்த்ததில்லையா?" என்றார்.

அப்பா பள்ளிக்கூடம் போகாதவர். நாற்பது ஆண்டுகளாகக் கழனி வேலை செய்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். "உங்களுக்குத் தெரியாதுப்பா, புத்தகத்திலேயே போட்டிருக்கு" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. கருத்தரங்கிலும் அப்படியே பேசிவிட்டு வந்தேன்.

பின்னர் ஆய்வுக்கூடத்தில், பதப்படுத்தி வைத்திருந்த ஆப்பிள் நத்தையைப் பயின்றோம். வாயை அடைக்கும் கெட்டியான மூடியையும், உடலை ஓட்டோடு பிணைக்கும் தசையையும் கண்டபோது அப்பாவின் சொல் நினைவுக்கு வந்தது. அந்தத் தசை அறுந்தால் சதை முழுதும் வெளியே வந்துவிடும். ஓட்டை உடைக்க வேண்டிய தேவையே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் கரையில் நாரைகள் மேய்ந்த இடத்தில் பதினான்கு ஓடுகளைப் பொறுக்கினேன். பன்னிரண்டு முழுசாக இருந்தன.

நூலகத்தில் மேலும் தேடிப் படித்தேன். உயிருள்ள பறவைகளைக் கவனித்த பிற்கால ஆய்வாளர்கள், ஹக்ஸ்லியின் கருத்தை ஏற்கவில்லை. நாரை மேலலகால் நத்தையை அழுத்திப் பிடித்து, கீழலகின் கூர்முனையை மூடியின் ஓரமாகச் செலுத்திச் சதையைப் பிரித்தெடுக்கிறது. சிறு நத்தைகளை மட்டுமே நொறுக்கவோ அப்படியே விழுங்கவோ செய்யும். இடைவெளி இல்லாத இளம் பறவைகளும் நத்தை தின்கின்றன. இவ்வேலை பெரும்பாலும் நீருக்கடியில் நடப்பதால்தான் அறிஞர்களுக்கே ஐயம் எழுந்தது.

இதனால் அறிவியற் பெயர் வேண்டாம் என்பது என் கருத்தன்று. ஆப்பிரிக்காவில் கருநிறத்தில் இதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு நாரை உண்டு. அதுவும் நத்தை தின்பதே. இரண்டையும் பிரித்தறிய உலகம் முழுவதற்கும் பொதுவான பெயர் தேவை. இலத்தீன் பெயர் பறவையின் உருவத்தைச் சொல்கிறது. தமிழ்ப் பெயர் அதன் வாழ்வைச் சொல்கிறது. ஒன்றைக் கற்றதற்காக மற்றொன்றை மறப்பது கல்வியாகாது.

நத்தை இருந்தால்தான் இந்த நாரை இருக்கும். நீர் தேங்கும் வயலும் ஏரியும் இருந்தால்தான் நத்தை இருக்கும். பூச்சிமருந்தால் நத்தைகள் மடிந்து, ஏரிகளும் தூர்ந்து போனால், பெயர் மட்டும் அகராதியில் மிஞ்சும். அதன் பொருளைக் கண்ணால் கண்டு சொல்ல ஆளிருக்காது.

மாணவ நண்பர்களே! விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, உங்கள் ஏரியில் இறங்கும் பறவைகளின் பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏன் அந்தப் பெயர் வந்தது என்றும் கேளுங்கள். நான் பொறுக்கி வந்த ஓடுகளை அப்பாவிடம் காட்டி, "நீங்கள் சொன்னதுதான் சரி" என்றேன். அவர் ஓர் ஓட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதையும் புத்தகத்துல எழுதச் சொல்லு" என்றார். அதனால்தான் இக்கட்டுரையை எழுதினேன்.