நாய்க்குப் பாக்கெட் தீவனமா, வீட்டுச் சோறா? – கடைக்காரர் அறிய வேண்டியவை

பருப்பு, எண்ணெய், புளி என்று பட்டியல் சொல்லிக்கொண்டே வருகிற வாடிக்கையாளர், கடைசியில் "ஒரு கிலோ பெடிகிரி" என்று சேர்த்துச் சொல்வது இன்று சிறிய ஊர்களிலும் சாதாரணமாகிவிட்டது. எந்தக் கம்பெனிச் சரக்கானாலும் அந்தப் பெயரைச் சொல்லியே கேட்கிறார்கள். நாமும் எடுத்துக் கொடுக்கிறோம். ஆனால் அதே வாடிக்கையாளர், "அண்ணாச்சி, இதையே போடலாமா, வீட்டுச் சோறு போதுமா?" என்று கேட்டால் நம்மில் பலர் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்புகிறோம். சரக்கு தேங்கி நின்றால் பாக்கெட்தான் நல்லது என்போம். இருப்பு இல்லாத நாளில், "அந்தக் காலத்தில் ஏது பாக்கெட்?" என்போம்.

அப்படி ஒரு பதிலை நானும் சொல்லியிருக்கிறேன். பெரிய ஜாதி நாய்க்குட்டி ஒன்றை வாங்கி வந்த வாடிக்கையாளரிடம், "கறியும் சோறும் போடுங்கள், அதைவிட என்ன சத்து வேண்டும்?" என்றேன். அவர் வசதியானவர். எலும்பு நீக்கிய கறியாகவே வாங்கி, வேகவைத்து, தினமும் தவறாமல் போட்டார். ஐந்தாம் மாதத்தில் குட்டியின் முன்னங்கால்கள் வெளிப்பக்கமாக வளைந்தன; எழுந்து நிற்கவே முனகியது. கால்நடை மருத்துவர் முதலில் கேட்டது, "என்ன சாப்பாடு போடுகிறீர்கள்?" என்றுதான். கறியில் கால்சியத்தைப் போல 15 முதல் 20 மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறதாம். நாய்க்கோ கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ வேண்டும். அது உணவில் கிடைக்காதபோது, உடம்பு தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. வளர்கிற குட்டிக்கு அது கால் வளைவில் போய் முடிகிறது.

அந்த வாடிக்கையாளர் என்னைக் குறை சொல்லவில்லை. மாதச் சாமான் இப்போதும் என்னிடமே வாங்குகிறார். அந்தக் கேள்வியை மட்டும் மறுபடி என்னிடம் கேட்டதில்லை. அதன் பிறகு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை நம் வியாபாரிகளுக்காக இங்கே எழுதுகிறேன்.

பாக்கெட்டுக்குள் இருப்பது என்ன?

நாய்க்கென்று தனியாகச் செய்து விற்கும் தொழிலை 1860-ஐ ஒட்டி லண்டனில் தொடங்கியவர் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர். கோதுமை, காய்கறி, இறைச்சி சேர்த்த பிஸ்கட்தான் அவருடைய சரக்கு. இன்று நாம் விற்கும் உலர் உருண்டை 1957-இல் அமெரிக்காவில் பியூரினா கம்பெனி மூலம் சந்தைக்கு வந்த முறையில் ஆவது. மக்காச்சோளம், அரிசி, கோதுமை, சோயா, இறைச்சித் தூள் ஆகியவற்றைப் பிசைந்து, நீராவி அழுத்தத்தில் வேகவைத்து, முறுக்கு அச்சு போன்ற துளைத் தட்டு வழியாகத் தள்ளுகிறார்கள். வெளியே வந்ததும் அது பொரிந்து உப்பும். அதை உலர்த்தி, மேலே கொழுப்பைத் தெளிப்பார்கள். வைட்டமினும் தாது உப்புகளும் கணக்கிட்டுச் சேர்க்கப்படுகின்றன. கொழுப்பு மேல்பூச்சாக இருப்பதால்தான் பாக்கெட்டைப் பிரித்துக் காற்றுப் பட்டால் சிக்கு வாடை அடிக்கிறது.

பாக்கெட்டை விற்பவர் அதன் பின்பக்கத்தை ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும். முன்பக்கத்தில் பளபளப்பான நாய்ப் படம்தான் இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது, அது முழுமையான சமச்சீர் உணவா, அல்லது பிஸ்கட், குச்சி போன்ற இடைத்தீனியா என்பது. இடைத்தீனியை முழுச் சாப்பாடாகப் போட்டால் சத்துக் குறைவு வரும். அடுத்து, குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா என்று பார்க்க வேண்டும். அமெரிக்கத் தீவன அதிகாரிகள் சங்கத்தின் அளவுப்படி, ஈரம் நீக்கிக் கணக்கிட்டால் வளர்ந்த நாயின் உணவில் குறைந்தது 18 சதவீதம் புரதம் வேண்டும், குட்டிக்கு 22.5 சதவீதம். நம் நாட்டிலும் நாய், பூனை உணவுக்கு ஐ.எஸ். 11968 என்ற தர நிர்ணயம் இருக்கிறது.

ஈரம் நீக்கிக் கணக்கிடுவது என்றால் என்ன என்பதை நமக்கு விளக்கவே வேண்டாம். ஈர நெல்லையும் காய்ந்த நெல்லையும் ஒரே விலைக்கு யாரும் எடுப்பதில்லை. உலர் தீவனத்தில் ஈரம் 10 சதவீதம் அளவுதான். குழம்போடு வரும் ஈரத் தீவனத்தில் 80 சதவீதம் வரை தண்ணீர். ஈரப் பாக்கெட்டில் 8 சதவீதம் புரதம் என்று போட்டிருப்பதைப் பார்த்து மட்டச் சரக்கு என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீரைக் கழித்தால் அது 40 சதவீதம் ஆகிறது. ஆனால் வயிறு நிரம்ப அதை மட்டுமே போட்டால் செலவு கட்டாது.

இன்னொன்று. குட்டிக்கான முழு உணவைப் போட்டுக்கொண்டே, கால்கள் பலப்படட்டும் என்று கால்சியம் டானிக்கும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய ஜாதிக் குட்டிக்குக் கால்சியம் மிகுந்தாலும் எலும்பு கோணலாகும். இதையும் கடையில் நின்றபடியே சொல்லிவிடலாம்.

வீட்டுச் சோறு

ஓநாய் வழி வந்த பிராணிக்குச் சோறு ஆகாது என்று சிலர் வாதாடுகிறார்கள். அது முழு உண்மை அல்ல. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல பிரதிகள் இருக்கின்றன என்று 2013-இல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். மனிதனோடு வாழ்ந்து நாய் சோற்றுக்குப் பழகிவிட்டது. சோற்றோடு வேறு எதுவும் சேராமல் போவதுதான் சிக்கல். நொய்யும் பாலும், அல்லது தயிர்ச் சோறு மட்டும் தின்று வளரும் நாய்க்குப் புரதம் போதாது; துத்தநாகம், அயோடின், வைட்டமின்கள் எதுவும் கணக்கில் நிற்காது.

"எங்கள் தாத்தா வேட்டை நாய் வளர்த்தார், கம்பங்கூழும் மோரும்தான்" என்று நம் பக்கத்தில் சொல்லாதவர் இல்லை. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் பிறந்த மாவட்டம் ஆயிற்றே! ஆனால் அந்த நாய் காட்டில் முயலையும் எலியையும் எலும்போடு தின்றது; கசாப்புக் கடை வாசலிலும் அதற்குப் பங்கு இருந்தது. மாடியில் கட்டிக் கிடக்கும் நாய்க்குக் கூழ் மட்டும்தான் வருகிறது. தவிர, அந்தக் காலத்தில் செத்த குட்டிகளை யாரும் எண்ணி வைக்கவில்லை.

வீட்டில் ஆக்கிப் போடுகிறவர்கள் எல்லாரும் கவனக் குறைவானவர்கள் என்று சொல்லவில்லை. 2013-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக கால்நடை மருத்துவர்கள் புத்தகங்களிலும் பிற இடங்களிலும் வந்த 200 நாய்ச் சமையல் குறிப்புகளைச் சோதித்தார்கள். அவற்றில் 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு முக்கியச் சத்தாவது குறைந்திருந்தது. எழுதியவர்களில் கால்நடை மருத்துவர்களும் உண்டு. ஆகவே இது லேசான வேலை அல்ல.

நம் கடைச் சாமானை வைத்து ஒரு கணக்குப் பார்ப்போம். 20 கிலோ எடையுள்ள, வளர்ந்த, ஓரளவு ஓடியாடும் நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,050 கலோரி வேண்டும். இதற்கு 125 கிராம் அரிசி, 250 கிராம் கோழிக்கறி, 100 கிராம் பரங்கிக்காயோ கேரட்டோ, இரண்டு தேக்கரண்டி எண்ணெய் என்றால் கலோரியும் புரதமும் சரியாக வரும். கால்சியத்துக்கு முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து மாவாக இடித்து முக்கால் தேக்கரண்டி சேர்க்க வேண்டும். இவ்வளவு செய்தும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ ஆகியவை குறையும். அவற்றுக்கான கலவையை மருத்துவர் எழுதித் தர வேண்டும். அதே நாய்க்கு உலர் தீவனம் என்றால் நாளைக்குச் சுமார் 300 கிராம், மாதத்துக்கு 9 கிலோ. உங்கள் கடை விலையில் இரண்டையும் ஒரு நாள் கணக்காகப் போட்டுப் பாருங்கள். கிலோ விலையைப் பார்த்து "பாக்கெட் ஏக விலை" என்று மலைக்கிறவருக்கு, இந்தத் தினக் கணக்கை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால் புரியும்.

வீட்டுச் சோறு என்ற பெயரில் வீட்டுக் குழம்பை ஊற்றுவது வேறு விஷயம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் இதயத்தைப் பதறவைக்கும். வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். பிரியாணி மிச்சத்தில் இவற்றில் இரண்டாவது இருக்கும்.

ஆக, கேட்கிற வாடிக்கையாளருக்கு நான் இப்போது சொல்வது இதுதான். மருத்துவரிடம் அளவு எழுதி வாங்கி, தினமும் அப்படியே ஆக்கிப் போட முடியுமானால் வீட்டுச் சாப்பாடு நன்று. முடியாது என்றால், வயதுக்கு ஏற்ற முழு உணவுப் பாக்கெட் போதும், விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. கையில் அவ்வளவு பணம் இல்லாதவர் பாதிப் பாக்கெட், பாதிச் சோறும் முட்டையும் என்று போடட்டும். வெறும் பால் சோற்றுக்கு அது எவ்வளவோ மேல். குட்டியானால் மட்டும் வீட்டுப் பரிசோதனை வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்கிறேன்.

தானியம் இல்லாத தீவனம் என்று பட்டாணியும் பருப்பும் கூட்டிய உயர்ந்த விலைச் சரக்கு ஒன்று வருகிறது. 2018-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், சில நாய்களின் இதய நோய்க்கும் இத்தகைய தீவனத்துக்கும் தொடர்பு உண்டா என்று விசாரித்தது. தொடர்பை உறுதி செய்யப் போதிய தகவல் இல்லை என்று 2022-இல் சொன்னது. பருப்பு வியாபாரி நானே சொல்கிறேன்: அரிசியும் சோளமும் நாய்க்கு விஷம் அல்ல. அந்தக் கூடுதல் விலைக்கு அவசியம் இல்லை.

நம் கையில் இருக்கும் பாதி

சரக்கு நல்லதாக வந்தாலும் நம் கிடங்கில் கெடலாம். மக்காச்சோளம், கடலை இவற்றில் ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். அதில் உண்டாகும் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு, சமைத்தாலும் போகாது. நாயின் கல்லீரலுக்கு அது பெரும் பகை. 2005 இறுதியில் அமெரிக்காவில் இந்த நஞ்சு கலந்த தீவனத்தால் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்தன. 2020 டிசம்பரில் மறுபடியும் அங்கே அதே கதை. 2007-இல் சீனக் கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்து வந்தபோது, கடைக்காரர்கள் பேட்ச் நம்பரைப் பார்த்துத்தான் அலமாரியிலிருந்து பாக்கெட்டுகளை எடுத்தார்கள்.

இந்த இடத்தில் நம் வழக்கம் ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். மழையில் நனைந்து பூசணம் தட்டிய நொய்யைத் தனியே ஒதுக்கி, "நாய்க்குத்தானே" என்று மலிவு விலை போட்டு விற்கிறோம். வண்டு விழுந்த அரிசி வேறு. புடைத்துக் கழுவினால் சரியாகும். பூசண அரிசி நாய்க்கும் ஆகாது, கோழிக்கும் ஆகாது. அது நஷ்டக் கணக்கில் எழுத வேண்டிய சரக்கு.

10 கிலோ சிப்பத்தைப் பிரித்து டப்பாவில் கொட்டிச் சில்லறையாக நிறுத்துக் கொடுப்பதும் வேண்டாம். கொழுப்பு சிக்கு அடிக்கும், எறும்பும் பாச்சையும் ஏறும், காலாவதித் தேதியும் பேட்ச் நம்பரும் கிழித்த பையோடு போய்விடும். என் கடையில் அந்த டப்பாவை எடுத்துவிட்டேன். சிறிய அளவு கேட்டால் சிறிய பாக்கெட்தான். சிப்பங்களைத் தரையிலும் சுவரிலும் படாமல் பலகை மேல் அடுக்குகிறோம். பழையது முன்னால், புதியது பின்னால்.

வரி விஷயமும் உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது மாட்டுத் தீவனத்துக்கு வரி இல்லை. சில்லறைப் பாக்கெட்டில் வரும் நாய், பூனை உணவுக்கு 18 சதவீதம். இரண்டையும் "தீவனம்" என்று ஒரே தலைப்பில் பில் போடாதீர்கள். தற்போதைய விகிதத்தை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூனைக்கு நாய்த் தீவனம் கேட்டு வருகிறவருக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள். பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலேயே இருந்தாக வேண்டும். இல்லையானால் கண்ணும் இதயமும் கெடும். நாய்த் தீவனத்தில் அதைச் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பூனைப் பாக்கெட் இருப்பில் இல்லாத அன்று, பக்கத்துக் கடைக்கு அனுப்பி வைப்பதே நலம்.