'சாக்ரோசாங்க்ட்' என்னும் சொல்



நாம் நூற்பாலையில் வேலை பார்த்த காலத்தில் மேலதிகாரி ஒருவர் இருந்தார். தொழிலாளர் எவ்வகைக் குறையை எடுத்துரைப்பினும், "ஷிப்டு முறை சாக்ரோசாங்க்ட்" என்று ஒரே சொல்லால் நம் வாயை அடைத்துவிடுவார். பொருள் அறியாது நாம் திரும்பிவிடுவோம். பின்னர்ப் பழைய அகராதியொன்றை வாங்கி அச்சொல்லைத் தேடினோம். அன்று தொடங்கிய தேட்டத்தின் பயனே இப்பாடம்.

பொருள்: புனிதமெனக் கொள்ளப்படுதலால் மீறவோ, மாற்றவோ, குறைகூறவோ ஆகாதது. லத்தீன் மொழியில் 'சாக்கர்' என்பது தெய்வத்துக்கு உரியது. 'சாங்க்டஸ்' என்பது மீறலாகாதென உறுதி செய்யப்பட்டது. இவ்விரண்டும் கூடியதே இச்சொல்.

வரலாறு: மரபின்படி கி.மு. 494இல், கடன் கொடுமையால் நொந்த ரோமாபுரியின் எளிய மக்கள், நகரை விட்டு வெளியேறி ஒரு குன்றிலே தங்கினர். உயர்குடியினர் இணங்கி வந்தனர். எளியோரைக் காக்க 'டிரிப்யூன்' என்னும் பதவி தோன்றியது. டிரிப்யூனைத் துன்புறுத்துவோனைக் கொல்லினும் குற்றமில்லை என மக்கள் ஆணையிட்டனர். இவ்வாறு காக்கப்பட்டவரையே 'சாக்ரோசாங்க்ட்' என்றனர். ஆயினும், பொது நிலத்தை ஏழைகளுக்குப் பகிர்ந்தளிக்க முயன்ற டிரிப்யூன் டைபீரியஸ் கிராக்கஸ், கி.மு. 133இல் செனட்டர்களாலும் அவர்தம் ஆட்களாலும் அடித்துக் கொல்லப்பட்டார். காப்போரின் உறுதி தளர்ந்தவிடத்துச் சொல் மட்டும் எவரையும் காவாது.

வழக்கு: கொடுத்த வாக்கு, மனச்சான்று, மனித உயிர் ஆகியவற்றுக்கு இச்சொல் பொருந்தும். உடையாத கண்ணாடிக்கும் முறியாத இரும்புக்கும் பொருந்தாது. 'எதுவும் சாக்ரோசாங்க்ட் அன்று' என எதிர்மறையிலும், சில வேளை ஏளனமாகவும் ஆங்கிலேயர் மிகுதியாக வழங்குவர்.

தமிழில் 'மீறொணாத' என்பது தக்கது. 'தீண்டத்தகாத' எனப் பெயர்த்தல் கூடாது. அச்சொல்லால் நம் நாட்டில் மனிதர் இழிவுபடுத்தப்பட்டனர். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் விதி அக்கொடுமையை ஒழித்தது.

எளியோர் தம்மைக் காக்கும் வேலியாக எழுப்பிய சொல்லை, அவ்வதிகாரி எளியோரைத் தடுக்கும் சுவராக்கினார். இனி எவரேனும் ஒன்றை மீறொணாதது என்று நம்மிடம் உரைப்பின், அஞ்சி வாய்மூடற்க. "அது யாரைக் காக்கிறது?" என்று பணிவுடன் வினவுக. விடையிலே அதன் தகுதி விளங்கும்.