உலோகங்காணும் கருவி: விலையும் வேலையும்

(வடசென்னை வட்டக் கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதுவது)

தலையணை உறை தைக்கும்போது முறிந்த ஊசியின் நுனி மடிப்பிலே தங்கிவிடுகிறது. அது கடல் கடந்து சென்று, வாங்கியவர் வீட்டுக் குழந்தையின் விரலில் தைக்குமானால், திரும்பி வருவது அந்த உறை ஒன்று மட்டுமன்று. அனுப்பிய சரக்கு முழுவதுமே திரும்புதல் கூடும். மிளகாய்த் தூளில் அகப்படும் கம்பித் துண்டின் கதையும் இதுவே. தனி வியாபாரிக்கு நேரும் நஷ்டம் அவரோடு போகும். சங்கத்துக்கு நேரும் நஷ்டமோ, தறியில் அமர்ந்தவர், வயலில் நின்றவர் ஆகிய எல்லா அங்கத்தினருடைய பங்காதாயத்தையும் குறைக்கும்.

தென்னிந்தியாவின் முதல் இரயில் நிலையம் 1856-ஆம் ஆண்டு இராயபுரத்தில் திறக்கப்பட்டது. நெடுங்காலமாக உள்நாட்டுச் சரக்கு வடசென்னை வழியே துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இன்று சென்னைத் துறைமுகம், எண்ணூர்க் காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் ஆகிய மூன்றையும் நோக்கிப் பெட்டக லாரிகள் திருவொற்றியூர், எண்ணூர்ச் சாலைகளில் வரிசையாக நிற்கின்றன. பெட்டகத்தை மூடி முத்திரை வைத்த பின்னர் ஒரு துணியைப் பிரித்துப் பார்ப்பது எளிதன்று. ஆகவே சோதனை நடைபெற வேண்டிய இடம் சங்கத்தின் சொந்தக் கிடங்கேயாகும்.

கடைகளில் ‘மெட்டல் டிடெக்டர்’ என்று வழங்கும் உலோகங்காணும் கருவிகளில், கையில் பிடிப்பது சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. ஓடும் பட்டையோடு கூடிய பொறிக்குச் சில இலட்சம் ஆகிறது. மலிவானதே போதாதா என்பது நிர்வாகக் குழுவினர் கேட்கும் நியாயமான கேள்வி. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவி வேலை செய்யும் முறை

மலிவானதாயினும் விலையுயர்ந்ததாயினும் அடிப்படைத் தத்துவம் ஒன்றே. கம்பிச் சுருள் ஒன்றில் திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம் செலுத்தப்படுகிறது. சுருளைச் சுற்றி, மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப் புலம் உண்டாகிறது. அப்புலத்தில் உலோகம் எதிர்ப்படும்போது, அந்த உலோகத்தினுள் சிறு மின்னோட்டங்கள் சுழலத் தொடங்கும். அவை தம்முடைய காந்தப் புலத்தை எழுப்பும். அந்த மாறுதலை உணர்ந்து கருவி ஒலி எழுப்புகிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். முதலாவது, உலோகம் சுருளை விட்டு விலக விலகக் குறிப்பு வெகு வேகமாகக் குன்றிவிடும். தூரம் இரண்டு மடங்கானால் குறிப்பு பாதியாவதோடு நில்லாது, பன்மடங்கு குறைந்துபோகும். இரண்டாவது, சுற்றுப்புறத்தில் உள்ள வேறு உலோகமும் அதே கருவியை ஏமாற்றும்.

இரண்டாவது உண்மைக்குச் சரித்திரத்திலேயே சான்று உண்டு. 1881-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய குண்டைத் தேடுவதற்கு, தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இவ்வகைக் கருவியொன்றை அமைத்துக்கொண்டு வந்தார். முன்னதாகச் செய்த பரிசோதனைகளில் நன்றாக வேலை செய்த கருவி, நோயாளியின் படுக்கையருகே தெளிவான விடை தரவில்லை. மெத்தையிலிருந்த எஃகு வில்சுருள்கள் அதைக் குழப்பின என்று கூறுவர். மருத்துவர் தேடச் சொன்ன பக்கமும் தவறானது. சிறந்த கருவியாயினும், வைக்கும் இடமும் தேடும் முறையும் சரியில்லையேல் பயன் தராது என்பது இதனால் பெறப்படும்.

மலிவுக் கருவி எதுவரை உதவும்?

கையில் பிடிக்கும் கருவி, வாயிலில் மனிதரைச் சோதிப்பதற்காக அமைந்தது. கத்தி, சாவிக்கொத்து போன்ற பெரிய பொருள்களை நெருங்கிப் பிடித்தால் காட்டும். மூட்டைக்குள் விழுந்துவிட்ட கத்தரிக்கோலைத் தேட அது போதுமானது. ஆனால் முறிந்த ஊசியின் நுனி மிகச் சிறியது. பல மடிப்புகளாக அடுக்கிய துணியின் நடுவில் அது இருக்குமானால், மேற்புறத்தில் தடவும் கருவி பெரும்பாலும் மௌனமாகவே இருக்கும். அன்றியும், ஊசி நீளமான பொருளாதலின், ஒரு பக்கமாகக் கிடந்தால் ஒலியும் வேறு பக்கமாகக் கிடந்தால் மௌனமும் நேரும்.

இவற்றினும் பெரிய குறை, எல்லாம் பிடிக்கும் கையைப் பொறுத்தது என்பதே. காலையில் நிதானமாகத் தடவும் கை மாலையில் சோர்ந்து விரையும். எந்தத் துணி சோதிக்கப்பட்டது, எது விடுபட்டது என்பதற்குப் பதிவும் இராது.

அதிக விலை எதற்காக?

பட்டைப் பொறியில் சரக்கு ஒரே வேகத்தில், சுருளிலிருந்து ஒரே தூரத்தில் செல்கிறது. உணவுப் பொருளுக்கான பொறிகளில் பொதுவாக மூன்று சுருள்கள் இருக்கும். நடுச்சுருள் புலத்தை எழுப்ப, இருபக்கச் சுருள்களும் துலாக்கோலின் இரு தட்டுகளைப் போல் ஒன்றையொன்று சரிக்கட்டி நிற்கும். சிறு உலோகத்துண்டு புகுந்தாலும் சமநிலை குலையும். பட்டை நிற்கும், அல்லது குற்றமுள்ள பொட்டலம் தானே தள்ளப்படும். நல்ல பொறிகள் நேரத்தையும் எண்ணிக்கையையும் குறித்தும் வைக்கும்.

எல்லா உலோகமும் ஒரே எளிமையில் அகப்படுவதில்லை. இரும்பு எளிதில் அகப்படும். பித்தளை, செம்பு, அலுமினியம் அதற்கடுத்தபடி. நாம் எவர்சில்வர் என்று வழங்கும் துருப்பிடியா எஃகே மிகக் கடினம். ஒரு பொறி இத்தனை மில்லிமீட்டர் இரும்பைக் காணும் என்று விற்பவர் சொன்னால், எவர்சில்வர் எத்தனை என்று உடனே கேட்க வேண்டும். அது நிச்சயமாக அதிலும் பெரிதாகவே இருக்கும். சரக்கு நுழையும் வாய் அகலமும் உயரமும் மிகுந்தால் நுட்பம் குறையும் என்பதும் கவனிக்கற்பாலது. எனவே பெரிய பொறியே நல்ல பொறி என்று எண்ணலாகாது.

உப்பும் ஈரமும்

கடலோரத்தில் வாழ்வோர்க்கு விளக்க எளிதான விஷயம் இது. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். திருவொற்றியூர்க் கடற்கரையில் அலை நனைத்த மணலின்மீது ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் மலிவுக் கருவியைப் பிடித்தால், உலோகம் இல்லாமலே அது அலறக்கூடும். கடற்கரை மணலில் கலந்துள்ள, காந்தத்தில் ஒட்டும் கரிய இரும்புத் துகள்களும் அதைக் குழப்பும். கூச்சலைக் குறைப்பதற்காக நுட்பத்தைத் தணித்தால், உண்மையான உலோகமும் தப்பிவிடும். விலையுயர்ந்த கருவிகள் பல அதிர்வெண்களில் இயங்கியோ, விட்டு விட்டு மின்துடிப்பு அனுப்பியோ, உப்பின் குறிப்பையும் உலோகத்தின் குறிப்பையும் பிரித்தறிய முயல்கின்றன. விலை வேறுபாட்டின் பெரும்பகுதி இத்திறமைக்கே உரியது.

இதே நியதி நமது சரக்குக்கும் பொருந்தும். இராயபுரத்தை அடுத்த காசிமேட்டில் இறங்கும் இறாலை எடுத்துக்கொள்வோம். நன்றாக உறைந்த நிலையில் அது பொறியைக் குழப்புவது குறைவு. உறைவு இளகி ஈரம் ஊறிய இறாலோ தானே உலோகம்போல் குறிப்புக் காட்டும். ஊறுகாய், ஈரம் காயாத மஞ்சள் ஆகியவையும் இவ்வகையே. நன்கு உலர்ந்த மிளகாய்த் தூளுக்கும் பருத்தித் துணிக்கும் இத்தொல்லை குறைவு. ஆதலின் உலர்ந்த சரக்கு மட்டும் கையாளும் சங்கம், ஈரச் சரக்குக்கான உயர்ந்த பொறிக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

நெசவாளர் சங்கங்களுக்கு

தைத்த துணிகளுக்கென்று ஊசிகாணும் பொறி தனியே உண்டு. ஜப்பானில் பொருட்குற்றப் பொறுப்புச் சட்டம் 1995-ஆம் ஆண்டு அமலுக்கு வந்தபின், அந்நாட்டு வியாபாரிகள் இச்சோதனையை வற்புறுத்தலாயினர். இப்பொறி காந்தத்தன்மை உள்ள உலோகத்தையே காணும். ஒன்று அல்லது 1.2 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு பொதித்த சோதனை அட்டையைக் கொண்டு அதைச் சரிபார்ப்பது வழக்கம். வாயின் இடம், நடு, வலம் ஆகிய மூன்றிடங்களிலும், ஒவ்வொன்றிலும் கீழ், இடை, மேல் என மூன்று உயரங்களிலும் அட்டையைச் செலுத்த வேண்டும். ஒன்பது இடங்களிலும் பொறி நிற்றல் வேண்டும்.

சரிகைச் சேலைக்கு இவ்வகையே ஏற்றது. வெள்ளியும் செம்பும் காந்தத்தில் ஒட்டாதவை. எல்லா உலோகத்தையும் காணும் பொறியில் சரிகைச் சேலையைச் செலுத்தினால், சரிகையே ஒலி எழுப்பும்; ஊசி ஒளிந்துகொள்ளும். ஆனால் ஊசிகாணும் பொறி பித்தளைக் குண்டூசியைக் காட்டாது என்பதையும் மறத்தலாகாது. கைத்தறி அச்சின் முறிந்த எஃகுப் பல் அகப்படும்.

பொறி வாங்க இயலாத சங்கமும் இன்றே செய்யத்தக்கது ஒன்றுண்டு. பழைய ஊசியைப் பெற்றுக்கொண்டே புதிய ஊசி வழங்க வேண்டும். ஊசி முறிந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடிச் சேர்த்து, தேதியிட்டுப் புத்தகத்தில் ஒட்ட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தத் தையல் மேசையின் சரக்கைத் தனியே நிறுத்திவைக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு நோட்டுப் புத்தகமே.

விளைவிப்போர் சங்கங்களுக்கு

அரைவை நிலையத்தில் முதலில் வேண்டுவது காந்தம். ஆணி, கம்பி, தேய்ந்த அரைதகட்டின் இரும்புத் தூள் ஆகியவற்றை அது குறைந்த செலவில் பிடிக்கும். அரைப்பதற்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக வைத்து, நாள்தோறும் துடைத்து, அகப்பட்டதை நிறுத்துக் குறிக்க வேண்டும். தூளின் எடை திடீரென ஏறினால் தகடு தேய்கிறது என்பது பொருள். காந்தத்துக்கு அகப்படாத எவர்சில்வர், பித்தளைத் துண்டுகளுக்காகவே பட்டைப் பொறி தேவைப்படுகிறது. அலுமினியத் தகடு சேர்ந்த உறையில் அடைப்பதாயின், அடைப்பதற்கு முன்பே சோதித்தல் நலம்.

அதிக விலையே சான்றாகுமா?

ஆகாது. ‘ஏடிஇ 651’ என்னும் பெயரில் வெடிபொருளைக் காணும் கருவி என்று கூறி, பிரிட்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் மெக்கார்மிக் என்பவர் ஒரு பொருளை ஈராக் முதலிய நாடுகளுக்கு ஆயிரக்கணக்கான டாலர் விலையில் விற்றார். அது கோல்ப் பந்து தேடுவதற்கென்று இருபது டாலருக்கும் குறைவாக விற்ற விளையாட்டுப் பொருளின் வழிவந்தது. உள்ளே வேலை செய்யும் மின்னணு உறுப்பு ஏதுமில்லை. காவற்சாவடிகளில் அதை நம்பினர். 2013-ஆம் ஆண்டு அவருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. வாங்கியவர்கள் விலையைப் பார்த்தார்கள். மறைத்து வைத்த பொருளைக் கண்டுபிடிக்கச் சொல்லி முறையாகச் சோதித்திருந்தால் மோசடி அன்றே வெளிப்பட்டிருக்கும்.

வாங்கு முன் செய்யவேண்டியவை

1. வாங்குபவர் எந்த உலோகத்தை, எந்த அளவுவரை காணவேண்டும் என்று கேட்கிறார் என்பதை எழுத்து மூலம் பெறுக.

2. விற்பவர் கொண்டுவரும் மாதிரியை நம்பாமல், சங்கத்தின் சொந்தச் சரக்கிலே சோதனைத் துண்டை ஒளித்து வைத்துச் சோதிக்கச் செய்க. உலோகமற்ற சரக்கையும் பலமுறை செலுத்திப் பொய்யொலி எழுகிறதா என்று பார்க்க.

3. சோதனையைச் சங்கத்தின் கிடங்கிலேயே நடத்துக. பெரிய மோட்டார், இரும்பு மேசை, கனரக லாரி செல்லும் சாலையின் அதிர்ச்சி ஆகியவை பொறியைக் குழப்பும். உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் பாகங்களையும் கவனிக்க.

4. பழுது பார்ப்பவர் எத்தனை நாளில் வருவார், உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும் என்பதை ஒப்பந்தத்தில் சேர்க்க.

5. வேலை தொடங்கும்போதும், இடையிடையேயும், முடியும்போதும் சோதனைத் துண்டைச் செலுத்திக் குறித்து வைக்க. ஒருமுறை பொறி தவறினால், கடைசியாகச் சரியாயிருந்த நேரத்துக்குப் பின் சென்ற சரக்கு முழுவதையும் மறுபடி சோதிக்க.

செலவைப் பங்கிடும் வழி

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு. பொறியின் விலை ரூ.3,00,000, ஆயுள் பத்தாண்டு, எனவே ஆண்டுக்கு ரூ.30,000. பராமரிப்பு ரூ.20,000 என்று கொண்டால் மொத்தம் ரூ.50,000. ஆண்டுக்கு 25,000 உருப்படி அனுப்பும் சங்கத்துக்கு உருப்படி ஒன்றுக்கு 2 ரூபாய் விழும். அதே அளவுள்ள ஐந்து சங்கங்கள் கூடினால் 1,25,000 உருப்படி. ஒன்றுக்கு 40 காசு. ஆள்கூலியும் வண்டிச் சத்தமும் இதற்குப் புறம்பானவை. தனியே வாங்க முடியாததைக் கூடி வாங்குவதற்கன்றோ கூட்டுறவு ஏற்பட்டது? ஒரே சாலைவழியே துறைமுகம் செல்லும் சங்கங்கள், சரக்கு சேரும் ஒரு கிடங்கில் பொதுப்பொறி அமைத்துக்கொள்வது பற்றி அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் ஆலோசிக்கலாம்.

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் வாக்கு. கருவிக்குப் போடும் பணமும் அப்படியே. மலிவுக் கருவியால் ஆகும் வேலைக்கு இலட்சம் செலவிடுவதும், இலட்சப் பொறி செய்யவேண்டிய வேலையை ஆயிரம் ரூபாய்க் கருவியிடம் ஒப்படைப்பதும் அங்கத்தினர் பணத்தை விரயமாக்குவதாகவே முடியும். சோதனைத் துண்டை ஒளித்து வைத்துப் பாருங்கள். அதைத் தவறாமல் காட்டும் கருவி எதுவோ அதுவே உங்கள் சங்கத்துக்கு ஏற்றது.