ஆண்டுக்கு ஒரு கன்று

சென்னை மாநகரின் அண்ணா சாலையை ஒட்டி அமைந்துள்ள தேனாம்பேட்டையில் வைகறைப் பொழுதில் நடந்து செல்வோர், பால் பைகள் நிறைந்த பெட்டிகள் கடை வாயில்களில் அடுக்கப்பட்டிருப்பதைக் காண்பர். அப்பாலைத் தந்த பசுவை அங்கே காண இயலாது. அது தொலைவிலுள்ள ஏதோ ஒரு சிற்றூரில், ஓலைக் கொட்டகையொன்றில் அசைபோட்டுக் கொண்டிருக்கும். அதன் பால் கூட்டுறவுச் சங்கத்தில் அளக்கப்பட்டு, மாதவரம், அம்பத்தூர், சோழிங்கநல்லூர் முதலிய இடங்களிலுள்ள பால் பண்ணைகளில் பதம் செய்யப்பட்டு நகரத்து அடுப்பங்கரைக்கு வந்து சேருகிறது.

ஆயினும் பசுவைப் பற்றிய எண்ணம் தேனாம்பேட்டைக்குப் புதிதன்று. தமிழகக் கால்நடைப் பராமரிப்புத் துறையின் தலைமை அலுவலகம் பல ஆண்டுகள் இங்குள்ள டி.எம்.எஸ். வளாகத்திலேயே இயங்கி வந்தது. அண்டைப் பகுதியாகிய நந்தனத்தில் ஆவின் நிறுவனத்தின் தலைமையகம் உள்ளது. கன்றின் குரல் கேளாத இத்தகைய இடங்களில் ஆராயப்பட்ட வினாக்களுள் தலையாயது ஒன்று உண்டு. நல்ல தீனி தின்று, நோயின்றி நிற்கும் பசுவும் ஏன் காலத்தில் சினையாவதில்லை என்பதே அவ்வினா.

பசு கன்று ஈன்றாலன்றிப் பால் சுரவாது. இது சிறு பிள்ளையும் அறிந்த செய்தி. ஈன்ற பசு ஏறத்தாழ 300 நாள் கறக்கும். பின்னர்ப் பால் வற்றும். அடுத்த கன்று பிறந்தால்தான் மடி மீண்டும் நிறையும். எனவே, ஒரு பசுவின் வாழ்நாளில் கிடைக்கும் பாலின் அளவு, அது ஒரு வேளைக்கு எத்தனை படி கறக்கிறது என்பதை மட்டும் பொறுத்ததன்று. எத்தனை நாளுக்கு ஒருமுறை ஈனுகிறது என்பதையும் பொறுத்ததாகும். மாடு வாங்கச் செல்வோர் முன்னதைக் கறந்து பார்த்து அறிந்து கொள்கின்றனர். பின்னதைக் கேட்டறிவோர் மிகச் சிலரே.

இவ்வுண்மையை மறந்ததனால் நேர்ந்த கேட்டிற்குச் சென்னை நகரத்து மாட்டுக் கொட்டில்களே சான்று. முற்காலத்தில் இந்நகரின் பால் தேவையைப் பெரிதும் நிறைவேற்றியவர்கள் நகருக்குள்ளேயே மாடு வைத்திருந்த பால்காரர்கள். பசுவை வாடிக்கையாளர் வீட்டு வாயிலுக்கே ஓட்டி வந்து, அவர்தம் கண்ணெதிரே கறந்து கொடுப்பது வழக்கமாக இருந்தது. நெல்லூர், ஓங்கோல் பகுதிகளிலிருந்து உயர்ந்த பசுக்களும், வட நாட்டிலிருந்து சிறந்த எருமைகளும் விலை கொடுத்து வாங்கி வரப்பட்டன. நகரில் புல்லில்லை, மேயும் வெளியில்லை, வைக்கோல் முதல் பிண்ணாக்கு வரை யாவும் விலைக்கே வரவேண்டும். கறக்கும் பசுவுக்குத் தீனியிட்டால் கைம்மேல் பயனுண்டு. பால் வற்றிய பசுவுக்கோ இட்டதெல்லாம் இழப்பு. கன்று குடிக்கும் பாலும் இழப்பாகவே எண்ணப்பட்டது. ஆகவே கன்றுகள் பட்டினியால் மடிந்தன. அவற்றின் தோலில் வைக்கோலைத் திணித்துச் செய்த பொம்மையைக் காட்டித் தாயைக் கறந்தனர். பசுவை மீண்டும் காளைக்குச் சேர்க்கும் முயற்சியும் நடைபெறவில்லை. பால் வற்றியதும் அது இறைச்சிக்கு விற்கப்பட்டது. இவ்வாறு, நாட்டின் மிகச் சிறந்த கறவை மாடுகள் நகரத்திற்கு வந்து, தம் மரபை விட்டுச் செல்லாமலே அழிந்தன. சென்னையில் மட்டுமன்று, கல்கத்தாவிலும் பம்பாயிலும் நிகழ்ந்ததும் இதுவே.

கன்றில்லாமல் பால் பெறும் ஆசை இதனினும் கொடிய செயலுக்கும் வழிகாட்டிற்று. பசுவின் கருவழியில் காற்றை ஊதிப் பாலை இறக்கும் பழக்கம் வட நாட்டு நகரங்களில் இருந்தது. 'பூக்கா' என்பது அதன் பெயர். இதற்கு உட்பட்ட பசுக்கள் துன்புறுவதோடு நாளடைவில் மலடாயின. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. அச்சட்டம் உருவாவதற்கு மாநிலங்களவையில் முதற்குரல் எழுப்பியவர் அடையாற்றுக் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

பின்னர் நிலைமை மாறலாயிற்று. நகரத்து மாடுகளுக்கெனவே மாதவரத்தில் பால் குடியிருப்பு ஒன்று அமைக்கப்பட்டது. 1958இல் மாநிலத்தில் பால்வளத் துறை தோன்றியது. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் சிற்றூர்ப் பாலைப் பெருநகரங்களுக்குக் கொண்டு வரும் வழியை விரிவாக்கியது. மாட்டை நகரத்திற்குக் கொணர்வதை விடுத்துப் பாலைக் கொணரத் தொடங்கியதால், பசு தன் ஊரிலேயே இருந்து ஆண்டுதோறும் ஈனும் வாய்ப்புப் பெற்றது.

வாய்ப்பு வந்தவுடன் பயன் வந்துவிடுமா? ஊருக்கு ஊர் நல்ல பொலிகாளை இருப்பதில்லை. இருக்கும் ஒரு காளையே தன் மகளோடும் பேத்தியோடும் சேருமாயின் மரபு மெலியும். கருச்சிதைவு உண்டாக்கும் நோய்களும் ஒரு மாட்டிலிருந்து மறு மாட்டிற்குப் பரவும். இக்குறைகளை நீக்க வந்ததே செயற்கை முறைக் கருவூட்டல். சிற்றூரார் இதனைச் 'சினை ஊசி' என்பர். இந்தியாவில் இதனை முதன்முதல் நிகழ்த்திக் காட்டியவர் சம்பத்குமரன் என்னும் அறிஞர், இடம் மைசூர் அரண்மனைப் பால் பண்ணை, ஆண்டு 1939. மூன்று ஆண்டுகளுக்குப் பின் இசத்நகர்க் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் இவ்வாய்வு விரிவாக மேற்கொள்ளப்பட்டது.

அக்காலத்தில் காளையின் விந்தைச் சில நாள்களே கெடாமல் வைத்திருக்க முடிந்தது. 1949இல் இலண்டன் ஆய்வாளர்கள் அதனை உறையவைக்கும் வழியைக் கண்டனர். அவர்கள் சருக்கரைக் கரைசல் என்று கருதிப் பயன்படுத்திய புட்டியில் உண்மையில் இருந்தது கிளிசரின் கலவை, பெயர்ச்சீட்டு மாறிவிட்டது. அப்பிழையே உலகெங்கும் மாடு வளர்ப்பின் போக்கை மாற்றியது! இன்று விந்தணுக்கள் மெல்லிய குச்சிகளில் அடைக்கப்பட்டு, சுழிக்குக் கீழ் 196 பாகை குளிருள்ள திரவ நைட்ரசனில் பல ஆண்டுகள் காக்கப்படுகின்றன. உதகமண்டலத்துப் பண்ணையிலுள்ள ஜெர்சிக் காளை ஒன்று, தான் காணாத ஊர்களில் ஆயிரக்கணக்கான கன்றுகளுக்குத் தந்தையாகலாம். காங்கேயம், உம்பளச்சேரி போன்ற நாட்டினங்களை அவ்வவற்றின் தாயகத்தில் கலப்பின்றிக் காப்பதற்கும் இம்முறையே உதவுகிறது.

குச்சி ஆயத்தமாக இருப்பினும், அதனை எப்பொழுது செலுத்துவது என்பதைப் பசுவே அறிவிக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலான இழப்பு நேர்கிறது. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமாயின், ஈன்ற 85 நாளுக்குள் அது மீண்டும் சினைப்பட்டாக வேண்டும். ஈன்றபின் கருப்பை சுருங்கிப் பழைய நிலையை அடைய ஆறு வாரமாகும். எனவே 60 நாளேனும் கழித்துக் கருவூட்டுவதே வழக்கம். பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்திற்கு வருவது. அங்ஙனமாயின், 60ஆம் நாளுக்கும் 85ஆம் நாளுக்கும் இடையே வருகின்ற பருவங்கள் எத்தனை? ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அவ்வொன்றும் 12 முதல் 18 மணி நேரமே நிலைக்கும். அதுவும் பல பசுக்களுக்கு இரவிலோ விடியற்காலையிலோதான் தொடங்கும். அதனைக் காணாது விட்டால் அடுத்த 21 நாள் காத்திருத்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் தவறாமல் சினை நிற்கும் என்னும் உறுதியும் இல்லை. நன்கு பேணப்படும் மாட்டிலும் இரண்டு, மூன்று முறை தேவைப்படுதல் உண்டு. ஆதலின் 13 மாதத்திற்கு ஒரு கன்று கிடைப்பதே பாராட்டத்தக்கது.

பருவம் வந்த பசு அமைதியின்றி நிற்கும், அடிக்கடி கத்தும், தீனியில் நாட்டம் குறையும், பாலும் சற்றுக் குறையும், பிற மாடுகளின் மேல் தாவும். கருவழியிலிருந்து கண்ணாடி இழை போன்ற தெளிந்த வழும்பு தொங்கும். மற்றொரு மாடு தன்மேல் தாவும்போது விலகாமல் அசையாது நிற்பதே ஐயமற்ற அறிகுறி. ஆனால் நாள் முழுதும் தறியில் கட்டுண்ட பசு எதன்மேல் தாவும்? வழுக்கும் சிமிட்டித் தரையில் எப்படித் தாவும்? இடமின்றிக் கட்டியே வளர்க்கப்படும் பசுக்களின் பருவம் தவறிப்போவதற்கு இதுவே முதற்காரணம். காலையிலும் மாலையிலும் சிறிது நேரம் அவிழ்த்துவிட்டு, வேறு வேலை செய்யாமல் நின்று பார்ப்பது நலம்.

கருமுட்டை பருவத்தின் தொடக்கத்தில் வெளிப்படுவதில்லை. அறிகுறிகள் அடங்கிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சென்ற பின்னரே வெளிப்படும். காலையில் பருவம் கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் கருவூட்டுக என்னும் விதி இதனாலேயே ஏற்பட்டது. அமெரிக்க நாட்டு நெப்ராஸ்காவில் 1940ஆம் ஆண்டுகளில் டிரிம்பர்கர் என்பார் செய்த ஆய்வு இவ்விதிக்கு அடிப்படை. கத்தியவுடனே ஊசி போட ஓடுவோரும், மூன்றாம் நாள் சாவகாசமாகச் செல்வோரும் ஒருங்கே பயனிழப்பர். பின்பு 'ஊசி சரியில்லை' என்று பழிப்பதும் உண்டு!

எருமையின் செய்தி இன்னும் அரிது. அது பெரும்பாலும் கத்துவதில்லை, தாவுவதும் இல்லை. கோடையில் அறிகுறி மேலும் மறையும். இதனை 'ஊமைப் பருவம்' என்பர். வெயிற்காலத்தில் நிழலும், உடலை நனைக்கும் நீரும் கொடுத்தால் எருமை ஓரளவு தன் இயல்புக்கு வரும்.

சில பசுக்கள் பருவத்திற்கே வாரா. ஈன்ற முதற்சில வாரங்களில் பசு தான் தின்பதைவிட மிகுதியாகப் பாலிற்குச் செலவிடுகிறது. உடலில் சேர்ந்த கொழுப்பைக் கரைத்தே மடியை நிரப்புகிறது. வெறும் நெல் வைக்கோலைத் தின்னும் பசு மெலிந்து, அதன் சினைப்பை உறங்கிவிடும். பசுந்தீவனமும், அளவான அடர்தீவனமும், நாள்தோறும் சிறிது தாது உப்புக் கலவையும் கொடுத்து வந்தால், 'மலடு' எனத் தள்ளப்பட்ட பசுவும் பருவத்திற்கு வருவதைக் காணலாம். சினையின் பிற்பகுதியில் கன்று வீசுமாயின் அதனை வாளா விடலாகாது. 'புருசெல்லோசிஸ்' என்னும் தொற்றுநோய் அதற்குக் காரணமாக இருக்கலாம். அது மனிதரையும் பற்றும். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாது ஆழப் புதைத்தல் வேண்டும். 4 முதல் 8 மாதமுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு ஒருமுறை தடுப்பூசி போட்டால் இந்நோயினின்று காக்கலாம்.

இவை யாவற்றையும் நினைவில் வைத்திருக்க ஒருவராலும் இயலாது. ஈன்ற நாள், பருவம் கண்ட நாள், கருவூட்டிய நாள், குச்சியில் அச்சிட்ட காளையின் எண் ஆகிய நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால் போதும். 21ஆம் நாள் பசுவைக் கூர்ந்து நோக்கவும், மூன்றாம் மாதம் மருத்துவரிடம் காட்டிச் சினையை உறுதி செய்யவும், தந்தையாகிய காளையே மகளுக்குச் சேராமல் தடுக்கவும் அவ்வேடு துணை செய்யும். இன்று மாடுகளின் காதில் 12 இலக்க எண் பொறித்த வில்லை பொருத்தப்பட்டு, இச்செய்திகள் கணினியிலும் பதியப்படுகின்றன. எனினும் கணினி அறிவது, கண்டவர் சொன்னதை மட்டுமே.

பெரும்பாலும் கிடாரிக் கன்றே பிறக்கத்தக்க, பால் பிரிக்கப்பட்ட விந்துக் குச்சிகளும் இக்காலத்தில் வந்துள்ளன. நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் பெண் கன்று கிடைக்கும் என்பர். அவற்றின் விலை மிகுதி. சினை நிற்கும் வாய்ப்போ சாதாரணக் குச்சியைவிடச் சற்றுக் குறைவு. ஆதலால் நேரம் தவறுவதால் வரும் இழப்பு இவற்றில் இன்னும் பெரிது. இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்தில், விடியுமுன் எழுந்து பால் கறக்கச் செல்பவள் பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்ணே. கையில் விளக்குடன் கொட்டகைக்குள் நுழையும் அவள், படுத்திருக்கும் பசுவின் வால்புறத்தில் அந்தக் கண்ணாடி இழையைக் கண்டு, அன்று மாலை மருந்தகத்திற்குச் சொல்லியனுப்புவாளாயின், அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அக்கொட்டகையில் ஒரு கன்று நிற்கும்.