வார்டில் இருப்பவரே கட்சிக்காரர்
பெங்களூரில் மனநல வழக்குகளை எடுக்கும் இளம் வக்கீல்களுக்கு

1. ஃபீஸ் கொடுப்பவர் அண்ணனாகவோ மாமனாராகவோ இருக்கலாம். உங்கள் கட்சிக்காரர் வார்டில் இருப்பவர்தான். முதலில் அவரைத் தனியாகப் பாருங்கள்.

2. அவருடைய மொழியில் பேசுங்கள். நிமான்ஸுக்கு ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஒக்கலிபுரத்திலும் ஸ்ரீராமபுரத்திலும் நம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. ஏன் சேர்த்தோம் என்று நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்வது, 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவமனைக்கு விதித்த கடமை.

3. கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கித் தேதிகளைச் சரிபாருங்கள். அந்தச் சட்டத்தின் 89ஆம் பிரிவில், அவர் சம்மதமில்லாமல் சேர்க்க, மனநல மருத்துவர் ஒருவரும் வேறொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ ஒருவரும் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் பெண் என்றால் 3 நாளில், ஆண் என்றால் 7 நாளில் தகவல் போயிருக்க வேண்டும். சம்மதம் தரும் திறனை 7 நாளுக்கு ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். 30 நாளைத் தாண்டினால் 90ஆம் பிரிவு; அதற்கு வாரியத்தின் அனுமதி தேவை.

4. வியாதியின் பெயர் மட்டும் காரணமாகாது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவித்தாரா, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருக்கிறாரா என்று கேளுங்கள். வேறு சாதியில் காதலித்தாள், சொத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மறுத்தார் என்பவை நோயல்ல.

5. பணமில்லை என்று யாரும் வக்கீல் இல்லாமல் நிற்க வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, மனநல மருத்துவமனையில் அடைபட்டவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருகிறது. இதை அவரிடம் சொல்வது மருத்துவ அதிகாரியின் பொறுப்பு. சொன்னாரா என்று விசாரியுங்கள்.

6. அவர் கேட்பதை வாதாடுங்கள். அவருக்கு எது நல்லது என்று சொல்ல டாக்டர் இருக்கிறார், குடும்பம் இருக்கிறது. அவர் விருப்பத்தைச் சொல்ல உங்களை விட்டால் ஆளில்லை. ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று பிடித்த தீயில் 28 பேர் மாண்டார்கள்; சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. அவர்களுக்காகப் பேச முன்பே ஒருவர் போயிருக்க வேண்டும்.

7. வாரியத்தில் மனுப் போடக் கட்டணமில்லை. 89ஆம் பிரிவில் சேர்த்ததை எதிர்க்கும் மனுவை 7 நாளில் முடிக்க வேண்டும். தோற்றால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போங்கள்.

8. டிஸ்சார்ஜ் ஆனதும் விட்டுவிடாதீர்கள். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் முடிவெடுக்கலாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமை அவருக்கு உண்டு. தெளிவாக இருக்கும்போதே உட்கார்ந்து எழுதவையுங்கள். அடுத்த முறை நோய் முற்றினாலும் அவர் சொல் அங்கே நிற்கும்.