கேட்லாக்கைச் சுத்தம் செய்தால் பேக்கப் போய்விடுமா?

கேள்வி: அலுவலக பேக்கப்புக்கு பாக்குலா வைத்திருக்கிறோம். அதன் கேட்லாக் டேட்டாபேஸ் பெருத்துக்கொண்டே போகிறது. பழைய பதிவுகளை அழிக்கலாமா?

பதில்: தாராளமாக. எந்த ஃபைல் எந்த டேப்பில் இருக்கிறது என்ற குறிப்புதான் கேட்லாக். அதில் அழித்தால் டேப்பில் உள்ளது உடனே போய்விடாது. நீங்கள் மாற்றாதவரை ஃபைல் பதிவுக்கு 60 நாள், ஜாப் பதிவுக்கு 180 நாள் கெடு. ‘புரூன்’ கட்டளை கெடு தாண்டியதை மட்டும் நீக்கும். ‘பர்ஜ்’ கெடுவையே பார்க்காது. ஜாப் பதிவுகள் எல்லாம் போன டேப்பை பாக்குலா மறுபடி எழுதப் பயன்படுத்தலாம், ஆபத்து அங்கேதான். அழித்தும் டிஸ்க்கில் இடம் கிடைக்கவில்லையா? போஸ்ட்கிரெஸ் என்றால் ‘வேக்கும் ஃபுல்’ ஓட்டுங்கள். அப்போது டேபிள் பூட்டிக்கொள்ளும். பேக்கப் ஓடாத நேரமாகப் பாருங்கள்.